கடலூர் டு இந்திய அணி: காக்கிச் சட்டைக்குள்ள ஒரு மிட்ஃபீல்டர்! யார் இந்த இந்துமதி?

பாகூர் பக்கம் இருக்கிறவங்களுக்கு கடலூர் ஒண்ணும் தூரம் கிடையாது. முள்ளோடை எல்லையைத் தாண்டி பெண்ணையாற்றுப் பாலம் ஏறினா கடலூர் வந்துடும். இந்திய மகளிர் கால்பந்து அணியின் நடுக்களத்தில் ஆடிய இந்துமதி கதிரேசன் அந்த ஊர்ப் பொண்ணுதான். ஆனா, பாகூரிலும் வில்லியனூரிலும் சாயங்காலம் பந்து உதைக்கிற பசங்ககிட்ட கேளுங்க. மெஸ்ஸியைத் தெரியும், இந்துமதியைத் தெரிஞ்சவங்க எத்தனை பேர்?

மிட்ஃபீல்டர்னா என்ன வேலை?

கோல் அடிக்கிறவர் பேர் தலைப்புச் செய்தியில் வரும். தடுக்கிற கோல்கீப்பர் போட்டோவில் வருவார். இந்த ரெண்டு பேருக்கும் நடுவுல, எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்து, சரியான ஆளுக்குக் கொடுத்து, 90 நிமிடமும் ஓடுறவர்தான் மிட்ஃபீல்டர். 1994-ல் பிறந்த இந்துமதியின் இடம் அதுதான்.

தேவைப்பட்டால் கோலும் அடிப்பார். 2019 மார்ச்சில் நேபாளத்தின் விராட்நகரில் நடந்த தெற்காசிய சாம்பியன்ஷிப் அரையிறுதியில், வங்கதேசத்துக்கு எதிராக முதல் பாதியிலேயே 2 கோல். அந்த மேட்ச்சில் 4-0 என ஜெயித்த இந்தியா, இறுதியில் நேபாளத்தை 3-1 என வீழ்த்தி தொடர்ந்து ஐந்தாவது முறையாகக் கோப்பையைத் தூக்கியது.

அப்புறம் எதுக்கு போலீஸ் வேலை?

இங்கதான் விஷயமே இருக்கு. அதே 2019-ல், தமிழ்நாட்டு அணியான சேது எஃப்சி இந்திய மகளிர் லீக்கை வென்றது. அந்த அணியில் இந்துமதியும் இருந்தார். லூதியானாவில் மே 5-ல் தொடங்கிய லீக், மே 22-ல் முடிஞ்சே போச்சு. மொத்தம் 18 நாள்! மீதி மாசங்களுக்கு வீட்டு வாடகை, சாப்பாடு, ஷூ செலவுக்கு எங்கே போவது?

இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் எஸ்.ஐ. 2020 கொரோனா ஊரடங்கில் அவர் இருந்தது மைதானத்தில் இல்லை; மாஸ்க்கோடு சென்னையில் டியூட்டியில். மாதச் சம்பளம் வரும் அரசு வேலை இருந்தால்தான் ஆட்டத்தைத் தொடர முடியும் என்பதே பல வீராங்கனைகளின் நிலைமை.

கைக்கு எட்டியது...

2022 ஜனவரியில் ஆசியக் கோப்பை இந்தியாவிலேயே நடந்தது. அணியில் இந்துமதியும் உண்டு. 2023 உலகக் கோப்பைக்குப் போக அதுதான் வழி. முதல் மேட்ச்சில் ஈரானுடன் 0-0 டிரா. அடுத்து சீன தைபேவுடன் ஆட வேண்டிய நாளில், அணிக்குள் கொரோனா பரவியதால் விதிப்படி தேவையான 13 பேரைக்கூட காட்ட முடியவில்லை. போட்டித் தொடரில் இருந்தே இந்தியா வெளியேறியது. சொந்த மண்ணில், தோற்காமலே முடிஞ்ச கனவு அது.

இப்போ என்ன மாறியிருக்கு?

2023-24 சீசனில் மகளிர் லீக், ஒரே ஊரில் அவசரமாக முடியாமல், ஹோம்-அவே முறையில் சில மாதங்கள் நடந்தது. 2025 ஜூலையில் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என வென்று, 2026 ஆசியக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெற்றது.

உங்க வீட்டுப் பொண்ணு நாளைக்கு ஃபுட்பால் கேட்டா, 'இதுல என்ன எதிர்காலம்?'னு கேக்கத் தோணும். நியாயமான கேள்விதான். ஆனா அதை அவகிட்ட கேக்காதீங்க. லீக் நடத்துறவங்ககிட்ட கேளுங்க. அவளுக்கு முதல்ல ஷூ வாங்கிக் கொடுங்க.