சிலபஸைக் கையோடு கொண்டு போங்கள்

கல்லூரி மாறப்போகும் மாணவர்கள் அலுவலகத்தில் மறக்காமல் கேட்டு வாங்குபவை மூன்று: டி.சி., மதிப்பெண் பட்டியல், இடப்பெயர்வுச் சான்றிதழ். நான்காவதாக ஒன்றைக் கேட்பவர்கள் அரிது. படித்து முடித்த ஒவ்வொரு தாளின் சிலபஸும், துறைத்தலைவர் கையெழுத்தும் கல்லூரி முத்திரையுமாக. பழைய கிரெடிட்டைப் புதிய பல்கலைக்கழகம் ஏற்குமா என்பது பெரும்பாலும் அந்தத் தாள்களை வைத்தே முடிவாகிறது.

நெல்லுக்குப் படி போலப் படிப்புக்குக் கிரெடிட். நம் கல்லூரிகளில் வழக்கமான கணக்கு, வாரம் ஒரு மணி நேர வகுப்பு செமஸ்டர் முழுக்க நடந்தால் ஒரு கிரெடிட். ஆய்வகம் என்றால் வாரம் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. 2023-இல் வந்த தேசிய கிரெடிட் சட்டகம் வீட்டில் படிக்கும் நேரத்தையும் தேர்வையும் சேர்த்து 30 மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட், ஆண்டுக்கு 40 கிரெடிட் என்று வகுத்தது. ஐரோப்பாவில் ஓராண்டு முழுநேரப் படிப்பு 60 கிரெடிட். அமெரிக்காவில் பொதுவாக 30. படியின் அளவு இடத்துக்கு இடம் மாறுவதால், ஐரோப்பாவில் ஈட்டிய 60 கிரெடிட் அமெரிக்காவில் ஏறக்குறைய 30 என்றே எண்ணப்படும். இதில் யாருக்கும் நட்டமில்லை, வெறும் கணக்கு மாற்றம்தான். சிக்கல் தொடங்குவது இதற்குப் பிறகு.

விண்ணப்பம் வந்ததும், பழைய கல்லூரி முறையான அங்கீகாரம் பெற்றதா, அந்தத் தாளில் மாணவர் தேர்ச்சி பெற்றாரா என்று பார்ப்பார்கள். அரியர் தாளுக்குக் கிரெடிட் இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் வெறும் தேர்ச்சியும் போதாது, குறைந்தது ‘சி’ கிரேடு வேண்டும். இந்த இரண்டையும் அலுவலகமே பார்த்துவிடும். அடுத்து கோப்பு துறைக்குப் போகிறது. அங்கே ஓர் ஆசிரியர் இரண்டு சிலபஸ்களை அருகருகே வைத்து அலகு அலகாக ஒப்பிடுகிறார். முக்கால் பங்காவது ஒத்துப்போக வேண்டும் என்று விதி எழுதி வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. பல இடங்களில் அது அந்த ஆசிரியரின் மதிப்பீட்டுக்கே விடப்படுகிறது.

மதிப்பெண் பட்டியலில் ‘கணிதம் 2’ என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். அதற்குள் இருப்பது வகைக்கெழுச் சமன்பாடுகளா, நிகழ்தகவா, எண்முறைகளா? தலைப்பு எதையும் சொல்லாது. சிலபஸ் கையில் இல்லையென்றால் ஆசிரியருக்கு வேறு வழியில்லை, மறுத்துவிடுவார். சிலபஸ் இருந்தும் ஆண்டு தவறினால் அதே கதிதான். அண்ணா பல்கலைக்கழகம் 2013, 2017, 2021 என்று சில ஆண்டுகளுக்கொரு முறை ஒழுங்குமுறையை மாற்றி வந்திருக்கிறது. இணையதளத்தில் இன்று இருக்கும் சிலபஸ் நீங்கள் படித்ததாக இல்லாமல் போகலாம். உங்கள் ஆண்டின் பிரதிதான் வேண்டும்.

ஆசிரியரின் கண்டிப்பில் நியாயம் இருக்கிறது. மூன்றாம் ஆண்டுத் தாள் இரண்டாம் ஆண்டுத் தாளின் மேல் நிற்பது. அடித்தளம் இல்லாத மாணவரை உள்ளே விட்டால் தடுமாறப்போவது அவர்தான். அதற்காக எல்லாவற்றையும் மறுக்க வேண்டியதில்லை. பொறியியலில் நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கையைப் பாருங்கள். டிப்ளமோ முடித்தவர் முதல் இரண்டு செமஸ்டரைத் தாள் தாளாக ஒப்பிடாமலே தாண்டி, மூன்றாம் செமஸ்டரில் போய் உட்கார்கிறார். மூன்றாண்டுப் பாலிடெக்னிக் படிப்பு மொத்தமாக ஓராண்டுக்கு ஈடு என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டாகிவிட்டது. அதே வழியில் வரும் பி.எஸ்சி. பட்டதாரிக்கு மட்டும், பொறியியல் வரைபடமும் பொறியியல் இயக்கவியலும் முதலாம் ஆண்டிலிருந்து எடுத்து எழுத வேண்டும் என்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) விதித்தது. எது குறைகிறதோ அதை மட்டும் படிக்கச் சொல்வது, மீதியை ஒப்புக்கொள்வது. கிரெடிட் மதிப்பீடு இப்படித்தான் இருக்க வேண்டும் என்பேன்.

பலர் ஏமாறுவது இன்னோர் இடத்தில். ‘உங்கள் 40 கிரெடிட்டையும் ஏற்றுக்கொண்டோம்’ என்று கடிதம் வரும். அதில் பாதி முதன்மைப் பாடத்துக்கு ஈடாகாமல் விருப்பப் பாடக் கணக்கில் போய்ச் சேர்ந்திருக்கும். பட்டத்துக்கு அத்தனை விருப்பப் பாடங்கள் தேவையே இல்லை. ஏற்றது உண்மை, ஒரு செமஸ்டர்கூடக் குறையவில்லை என்பதும் உண்மை. தமிழ்நாட்டில் இதற்குத் தனி வடிவம் உண்டு. இங்கே கலை, அறிவியல் பட்டம் ஐந்து பகுதிகள் கொண்டது: முதற்பகுதியில் தமிழ் அல்லது வேறு மொழி, இரண்டில் ஆங்கிலம், மூன்றில் முதன்மைப் பாடமும் சார்புப் பாடமும், மற்றவை நான்கிலும் ஐந்திலும். வெளிமாநிலத்திலிருந்து வருபவர் இயற்பியலில் எவ்வளவு கிரெடிட் வைத்திருந்தாலும் மொழித்தாளின் குறையை அது நிரப்பாது. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் படிக்காமல் முதற்பகுதியில் வேறு மொழி எடுத்தவர் அடிப்படைத் தமிழும் எழுதியாக வேண்டும்.

2021 ஜூலையில் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த கிரெடிட் வங்கி இதையெல்லாம் தீர்த்துவிட்டது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது செய்வது பதிவும் பாதுகாப்பும். மாணவருக்குக் கணக்கு திறக்கிறது. கல்லூரி பதிவேற்றும் கிரெடிட் அதில் சேர்கிறது, மாணவர் தானாகக் கொண்டுவரும் சான்றிதழை அது வாங்காது. கிரெடிட்டின் ஆயுள் அதிகபட்சம் ஏழாண்டு. பட்டம் தரும் நிறுவனத்தில் குறைந்தது பாதிக் கிரெடிட்டை ஈட்டியிருக்க வேண்டும். ஒரு பட்டத்துக்குச் செலவான கிரெடிட்டை இன்னொரு பட்டத்துக்குக் காட்ட முடியாது. மதிப்பெண் பட்டியல் போலியோ என்று சந்தேகிக்கும் வேலையை இது மிச்சப்படுத்துகிறது, சரி. ‘கணிதம் 2’ எதற்கு ஈடு என்ற கேள்வி முன்போலவே துறையின் மேசையில்தான் கிடக்கிறது. ஒன்றிய அரசின் ஸ்வயம் தளத்தில் வரும் இணையவழிப் பாடங்களும் அப்படியே. ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 விழுக்காடுவரை அதில் படிக்க விதி அனுமதிக்கிறது. ஆனால் எந்தப் பாடம் எதற்குப் பதில் என்பதைக் கல்லூரி முன்னதாக ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். பன்னிரண்டு வாரம் படித்துத் தேர்வெழுதிய பிறகு கேட்டால் காலம் கடந்திருக்கும்.

முன்னதாக என்ற சொல்லில்தான் தீர்வு இருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2017-இல் வெளியிட்ட அறிக்கை, 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறியவர்கள் தங்கள் கிரெடிட்டில் சராசரியாக 43 விழுக்காட்டை இழந்ததாக மதிப்பிட்டது. ஏறக்குறைய பாதிப் படிப்பு! கட்டணம் கட்டி, இரவு கண்விழித்து, தேர்ச்சியும் பெற்ற படிப்பு. கலிபோர்னியா இதை வேறு விதமாக அணுகியது. அங்கே எந்தச் சமுதாயக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்த அரசுப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடத்துக்கு ஈடு என்பதை ‘அசிஸ்ட்’ என்ற இணையதளத்தில் யாரும் பார்க்கலாம், சேருவதற்கு முன்பே. 2010-இல் இயற்றிய சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. வகுத்த பாடங்களைச் சமுதாயக் கல்லூரியில் முடித்து வருபவரிடம், அதே துறையில் பட்டம் பெற மேலும் 60 கிரெடிட்டுக்கு மேல் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் கேட்க முடியாது.

ஐரோப்பாவில் 1997-இல் கையெழுத்தான லிஸ்பன் உடன்படிக்கை மெய்ப்பிக்கும் பொறுப்பையே திருப்பிப் போட்டது. வேறு நாட்டில் படித்த காலத்தை மறுக்க வேண்டுமானால், கணிசமான வேறுபாடு இருக்கிறது என்று மறுக்கும் நிறுவனம்தான் காட்ட வேண்டும். நம்மிடம் மாணவர்தான் கோப்பைச் சுமந்துகொண்டு மேசை மேசையாக அலைகிறார். இரண்டாம் ஆண்டுப் பையனுக்கு எதை, யாரிடம் நிரூபிப்பது என்று எப்படித் தெரியும்? மறுப்பவர் காரணத்தை எழுதித் தரட்டும். நம் பல்கலைக்கழகங்கள் இதற்குப் புதுச் சட்டத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

அந்த மாற்றம் வரும்வரை, சேர்க்கைக் கட்டணம் கட்டுமுன் ஒரு பட்டியலைக் கேளுங்கள். உங்கள் ஒவ்வொரு தாளுக்கும் எதிரே ஈடான பாடம், அது முதன்மைப் பாடமா விருப்பப் பாடமா, பழைய கிரேடு புதிய சி.ஜி.பி.ஏ.வில் சேருமா, இன்னும் எத்தனை செமஸ்டர் பாக்கி. வாய்வார்த்தையாக வேண்டாம், கையெழுத்தோடு.