ஆறு மினுக், இரண்டு மினுக்!

ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் மக்கர் பண்ணினால் வண்டிக்காரர் ஒர்க் ஷாப்பில் வந்து சொல்வது பெரும்பாலும் ஒரே வரிதான்: "இழுக்கவே மாட்டேங்குது அண்ணே." பாவம், அவரால் வேறென்ன சொல்ல முடியும்? கிளட்ச் மிதி கிடையாது, கியர் தடி பாட்டுக்கு ‘டி’யில் கிடக்கிறது. உள்ளே என்ன கூத்து நடக்கிறதோ! ஆனால் வண்டிக்குத் தெரியும். கேட்கிற விதத்தில் கேட்டால் வாயைத் திறந்து சொல்லியும் விடும்.

ஸ்கேனருக்குப் பிறகு வருவோம். 90களின் டொயோட்டா ஒன்று நிற்கிறது, முதலில் அதன் பானெட்டைத் தூக்குங்கள். ஓரமாக மூடி போட்ட கறுப்புப் பெட்டி ஒன்று இருக்கும். மூடிக்குள் குட்டிக் குட்டி ஓட்டைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். ‘டிஇ1’, ‘இ1’ இரண்டையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டு, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ‘ஆன்’ வரை திருப்ப வேண்டும். அவ்வளவுதான்! மீட்டர் போர்டில் ‘ஓ/டி ஆஃப்’ விளக்கு பேச ஆரம்பித்துவிடும்.

நிற்காமல் ஒரே சீராகச் சிமிட்டினால் வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டரின் கணக்கில் குறை எதுவும் இல்லை. நம் வண்டியோ ஆறு முறை மினுக்குகிறது. ஒரு சின்ன இடைவெளி. பிறகு இரண்டு. அறுபத்திரண்டு! இதுதான் கோளாறைச் சொல்லும் ‘கோடு’, அதாவது குறியீட்டு எண். முதல் சோலனாய்டின் சர்க்யூட்டில் கோளாறு. மூன்று பேர் தலையை உள்ளே விட்டுக்கொண்டு சத்தமாக எண்ணுவதைப் பார்க்க வேண்டுமே, கோயில் திருவிழா கெட்டது.

சோலனாய்டு என்பது கியர் ஆயிலுக்குள் முழுகிக் கிடக்கும் மின்சார வால்வு. இந்த கியர் பாக்ஸில் கியர் மாற்றும் வேலைக்கு இரண்டே இரண்டுதான். முதலாவது மட்டும் ஆன் என்றால் முதல் கியர். இரண்டும் ஆன் என்றால் இரண்டாவது. இரண்டாவது மட்டும் ஆன் என்றால் மூன்றாவது. இரண்டும் ஆஃப் என்றால் நான்காவது. இரண்டு சுவிட்ச், நான்கு கியர்! இதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

இப்போது முதல் சோலனாய்டு செத்துவிட்டதே, வண்டி எந்த கியரில் கிளம்பும்? சும்மா விட்டால் இரண்டும் ஆஃப். நான்காவது விழுந்து வண்டி திணறும். கம்ப்யூட்டர் அதைவிடக் கெட்டி. உயிரோடு இருக்கும் இரண்டாவது சோலனாய்டைத் தானே ஆன் செய்து மூன்றாவதில் கிளப்பிவிடுகிறது. வண்டிக்காரர் "இழுக்கலை" என்று சொன்னாரே, அது இதுதான்.

உடனே சோலனாய்டு வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். கோடு சொன்னது சர்க்யூட். ஒயரும் கப்ளரும் அதில் அடக்கம். ஆயில் பேனைக் கழற்றும் முன் வெளியிலுள்ள கப்ளரைப் பிரித்து மல்டிமீட்டர் வைக்க வேண்டும். 11 முதல் 15 ஓம் காட்டினால் சோலனாய்டின் கம்பிச் சுருள் நன்றாக இருக்கிறது. கப்ளர் முள்ளில் பச்சை பூத்திருக்கிறதா, ஒயர் எங்காவது உரசி அறுந்திருக்கிறதா என்று தேடலாம். அந்தப் பச்சையைப் பார்த்ததும் ஒரு மேஸ்திரியின் முகம் மலர்வது தனி அழகு.

அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து எல்லாக் கார்களுக்கும் ஓபிடி-2 கட்டாயமானது. டேஷ்போர்டுக்கு அடியில் 16 முள் சாக்கெட், எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடுகள். மினுக்கு எண்ணுகிற வேலை போச்சு. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். கியர் பாக்ஸ் சமாச்சாரம் பெரும்பாலும் ‘பி07’ என்று தொடங்கும். ‘பி0700’ வெறும் காலிங் பெல். உள்ளே வேறு கோடு இருக்கிறது, கியர் பாக்ஸ் கம்ப்யூட்டரைப் போய்க் கேள் என்று மட்டும் சொல்லும். மலிவு ஸ்கேனர்கள் பலவும் அந்த வாசலோடு திரும்பிவிடுகின்றன.

கடைசி இலக்கத்தில்தான் ருசி. ‘பி0753’ வந்தால் முதல் சோலனாய்டின் மின்சாரத்தில் கோளாறு. ‘பி0751’ வந்தால் மின்சாரம் போகிறது, வால்வு அசையவில்லை அல்லது ஆயில் போக வேண்டிய வழியில் போகவில்லை. முன்னதற்கு மல்டிமீட்டர், பின்னதற்கு ஸ்பேனர்.

‘பி0731’ இன்னும் குஷி, கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுப் பிடித்த திருட்டு! முதல் கியரின் விகிதம் 2.804 என்று வையுங்கள். உள்ளே போகும் தண்டு நிமிடத்துக்கு 2804 சுற்று சுற்றினால் வெளியே வரும் தண்டு 1000 சுற்ற வேண்டும். 700தான் சுற்றுகிறதா? மீதி எங்கோ வழுக்குகிறது. ஆயில் குறைந்திருக்கலாம், கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கலாம். டிப் ஸ்டிக்கை உருவி மோந்து பார்த்தால் கருகல் வாடை பாதிக் கதையைச் சொல்லிவிடும். வண்டி உள்ளே வந்ததும் வராததுமாகக் கோடை அழிப்பவர்களைக் கண்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கோடு விழுந்த நொடியில் வண்டியின் வேகம், என்ஜின் சுற்று, சூடு எல்லாம் அதோடு சேர்ந்து பதிவாகியிருக்கும், அத்தனையும் போய்விடும்.

நம் டொயோட்டாவுக்கே வருகிறேன், ஒரு ரகசியம் பாக்கி. சோலனாய்டு இரண்டுமே செத்தாலும் அது நடுரோட்டில் நிற்காது. தடியை ‘எல்’லில் போட்டால் முதல் கியர், ‘2’இல் போட்டால் மூன்றாவது, ‘டி’யில் போட்டால் நான்காவது. ஆட்டோமேட்டிக்கைக் கையால் கியர் மாற்றி ஓட்டலாம்! நல்ல வண்டியிலேயே இரண்டு சோலனாய்டின் கப்ளரையும் பிடுங்கிவிட்டு ஒரு ரவுண்டு போகலாமா என்று கேட்டேன். மேஸ்திரி சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.