கணினிக்குள் கடைக்கணக்கு – 9: அந்த ஒருவரின் ஆர்டர்கள் மட்டும்

வாடிக்கையாளர் டேபிளையும் ஆர்டர் டேபிளையும் கோக்கும் குறியீட்டைச் சென்ற வாரம் பார்த்தோம். இனி திரைக்கு வருவோம். வாடிக்கையாளர் ஃபார்மில் ‘ஆர்டர்கள்’ என்று ஒரு பட்டன். அழுத்தினால் அந்த ஒருவரின் ஆர்டர்கள் மட்டும் வர வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் ஆக்சஸையே எடுத்துக்கொள்வோம். 1992இல் வந்தது, இன்றும் பல சிறு நிறுவனங்களில் ஓடுகிறது. பழகிப் பார்ப்பதற்காக அதனுடன் தந்த ‘நார்த்விண்ட்’ மாதிரித் தரவுத்தளத்தின் பழைய வடிவில் 91 வாடிக்கையாளர்கள், 830 ஆர்டர்கள். பெர்லினில் உள்ள ‘ஆல்ஃப்ரெட்ஸ் ஃபுட்டர்கிஸ்டே’வுக்கு அதில் 6 ஆர்டர்கள்தான். அந்த ஆறையும் தேட வைக்காமல் எடுத்துக் கொடுக்க வேண்டியது பட்டனின் வேலை.

கட்டளை ஒரே வரி: ஓப்பன்ஃபார்ம். முதலில் ஃபார்மின் பெயர். எந்த ரெக்கார்டுகள் வேண்டும் என்ற நிபந்தனை நான்காவது இடத்தில். இடையில் உள்ள இரண்டையும் காலியாக விடலாம், காற்புள்ளிகளை விடக் கூடாது.

நார்த்விண்டில் வாடிக்கையாளர் குறியீடு எண் அல்ல, ஐந்து எழுத்து. ஆல்ஃப்ரெட்ஸுக்கு ‘ஏ எல் எஃப் கே ஐ’. இதை மேற்கோள் குறிக்குள் வைக்க மறந்தால், ஆக்சஸ் அதை ஏதோ ஃபீல்டின் பெயர் என்று எண்ணி, ‘மதிப்பு என்ன?’ என்று கேட்டு ஒரு சிறு பெட்டியை நீட்டும். பில் போட உட்கார்ந்தவர் அதற்கு என்ன பதில் சொல்வார்? நிறுவனத்தின் பெயரை வைத்து வடிகட்டினால் வேறு தொல்லை. லண்டனின் ‘பி’ஸ் பெவரேஜஸ்’ பெயருக்குள்ளேயே ஒற்றை மேற்கோள் குறி இருக்கிறது. நிபந்தனை அந்த இடத்திலேயே உடைந்து பிழைச் செய்தி வரும். குறியீட்டை வைத்தே வடிகட்டுங்கள்.

இதுவரை எல்லாப் பாடநூலிலும் உண்டு. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதற்கு அடுத்த படி. ஃபில்டர் கண்ணில் படுவதை மட்டுமே கட்டுப்படுத்தும், எழுதுவதை அல்ல. ஆல்ஃப்ரெட்ஸின் ஆறு ஆர்டர்களைப் பார்த்தபடியே புது ஆர்டர் போட்டால், வாடிக்கையாளர் கட்டம் காலியாகத்தான் வரும். அவசரத்தில் பட்டியலில் வேறு பெயரைத் தொட்டுவிட்டால் ஆர்டர் அவர் கணக்கில் ஏறிவிடும். ஃபார்மை மூடித் திறந்தால் அந்த ரெக்கார்டு இங்கே இருக்காது. சரக்கு இன்னொரு கடைக்குப் போய் இறங்கும்போதுதான் விஷயம் தெரியவரும். இதை ஊழியரின் கவனக்குறைவு என்று தள்ளிவிடுவது நியாயமில்லை. யாருடைய கணக்கில் நிற்கிறோம் என்பது ஃபார்முக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வழி இருக்கிறது. ஓப்பன்ஃபார்மின் கடைசி இடமான ‘ஓப்பன் ஆர்க்ஸ்’ வழியாகக் குறியீட்டையும் சேர்த்து அனுப்புங்கள். ஆர்டர் ஃபார்ம் லோட் ஆகும்போது அதையே வாடிக்கையாளர் கட்டத்தின் டிஃபால்ட் மதிப்பாக்குங்கள், அங்கும் மேற்கோள் குறிக்குள். பட்டனின் முதல் வேலையாக, திறந்திருக்கும் ரெக்கார்டைச் சேமிக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் தட்டச்சிட்ட புது வாடிக்கையாளர் டேபிளில் ஏறியிருப்பார். இல்லாவிட்டால், இரு டேபிள்களுக்கும் உறவு விதி போட்டிருக்கும் பட்சத்தில், அவர் பேரில் ஆர்டரைச் சேமிக்க ஆக்சஸ் மறுத்துவிடும்.

இன்னொன்று. ஃபார்மின் அடியில் ‘ஃபில்டர்டு’ என்று காட்டும் இடத்தைச் சொடுக்கினால் 830 ஆர்டர்களும் வந்துவிடும். ஒருவர் பார்க்கவே கூடாத கணக்கை மறைக்க இந்தப் பட்டனை நம்பாதீர்கள்.

ஆர்டர்களை வாடிக்கையாளர் ஃபார்முக்குள்ளேயே சப்ஃபார்மாக வைத்து இணைத்தால் குறியீடு தானாக நிரம்பும். அதை அடுத்த வாரம் செய்து பார்ப்போம்.