பத்து வருட ஆல்பம், ஆறடி மேஜை! நாணயக் கண்காட்சியில் முதல் கடை போடுகிறவர்களின் கதை

முகூர்த்தம் இல்லாத ஒரு வார இறுதியில், கல்யாண மண்டபத்தில் நாணயக் கண்காட்சி நடக்கிறது என்றால், உள்ளே நுழைந்ததுமே புதுக் கடை எது என்று சொல்லிவிடலாம். மேஜையில் விரித்த துணியில் மடிப்புகூடக் கலைந்திருக்காது. காசுகள் ஒவ்வொன்றும் தனித்தனி ஹோல்டரில், ஸ்கேல் வைத்து அடுக்கியதுபோல வரிசையாக இருக்கும். விலைச்சீட்டு மட்டும் இருக்காது. கேட்டால் சொல்லலாம் என்று கடைக்காரர் காத்திருப்பார். யாரும் கேட்க மாட்டார்கள். விலை எழுதாத பொருளைக் கண்டால் நம் ஊரில் பலர் பேசாமல் அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவார்கள்.

இப்படிக் கடை போடுகிறவர்களில் பெரும்பாலோர் போன வருடம்வரை மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றவர்கள்தான். பள்ளிக்கூட நாளில் தாத்தா கொடுத்த ஒரு வெள்ளி ரூபாயில் தொடங்கி, பத்துப் பதினைந்து வருடம் ஆல்பம் சேர்த்தவர்கள். சேர்த்ததில் இரண்டிரண்டாக இருப்பதை விற்கலாம் என்று ஆரம்பிக்கும் யோசனை, மெதுவாக ‘ஒரு டேபிள் எடுத்துப் பார்ப்போமே’ என்று வளர்ந்துவிடும். டேபிள் வாடகை, ரயில் டிக்கெட், இரண்டு ராத்திரி லாட்ஜ், சாப்பாடு என்று முதல் காசு விற்பதற்கு முன்பே பர்ஸ் இளைத்துவிடும். வீட்டில் சொல்லிவிட்டு எடுத்த பணம் கொஞ்சம், சொல்லாமல் எடுத்தது கொஞ்சம்.

அதைவிடப் பெரிய சிக்கல் மனசு. விற்க வைத்திருக்கிறோமா, காட்ட வைத்திருக்கிறோமா என்று முதல் நாள் அவருக்கே தெளிவாகத் தெரியாது. யாராவது அந்தத் தாத்தா ரூபாயை எடுத்துத் திருப்பிப் பார்த்தால் போதும், கை தன்னையறியாமல் முன்னால் நீளும். பாசத்தையும் சேர்த்து அவர் ஒரு விலை சொல்வார். வந்தவர் ஹோல்டரை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்.

விற்பது எது?

அரிய காசு இருந்தால் கூட்டம் அள்ளும் என்பது புதியவர்களின் கணக்கு. உண்மையில் கண்காட்சிக்கு வருகிறவர்களில் கணிசமானவர்கள், குழந்தையைக் கூட்டிக்கொண்டு சும்மா எட்டிப் பார்க்க வந்த குடும்பங்கள். அவர்களுக்குத் தேவை பத்து, இருபது, ஐம்பது ரூபாய்ப் பொருள். பழைய வியாபாரிகள் மேஜையின் ஓரத்தில் ஒரு டிரேயைச் சாய்த்து வைத்து, வெளிநாட்டுச் சில்லறையைக் கலந்து கொட்டி, ‘எதை எடுத்தாலும் ஒரே விலை’ என்று எழுதியிருப்பார்கள். பையன் அரைமணி நேரம் துழாவுவான். அப்பா அதுவரை பொழுது போகாமல் மேஜையில் உள்ள மற்ற காசுகளைப் பார்ப்பார். வியாபாரம் அங்கேதான் ஆரம்பிக்கும்.

டிரேயில் நயா பைசாவும் இருக்கும். 1957 ஏப்ரல் 1-ம் தேதி அணா கணக்கு போய், ரூபாய்க்கு நூறு காசு என்று வந்தபோது பிறந்த குட்டிக் காசு அது. மஞ்சளாக மின்னும் தாமரை 20 காசைப் பார்த்ததும் ‘இதுல தங்கம் இருக்காமே!’ என்று யாராவது கேட்பார்கள். 1968-ல் தொடங்கி ஒருசில ஆண்டுகள் மட்டும் வந்த அந்தக் காசு அலுமினிய வெண்கலம். தங்கம் இல்லை என்று சொன்னாலும் முகம் சுளிக்காமல் வாங்கிப் போவார்கள்.

இன்னொன்று, பிறந்தநாள் நோட்டு. ரூபாய் நோட்டின் வரிசை எண்ணில் உள்ள ஆறு இலக்கங்களை நாள், மாதம், வருடம் என்று படித்தால் யாரோ ஒருவருடைய பிறந்தநாள். 150895 என்றால் 1995 ஆகஸ்ட் 15. கல்யாண நாள் கேட்பவர்கள், 786 கேட்பவர்கள் என்று இந்தக் கடைகளில் எப்போதும் நாலு பேர் குனிந்துகொண்டிருப்பார்கள். நாணயவியலை முறையாகப் படித்த சேகரிப்பாளருக்கு இது கொஞ்சம் இளக்காரம்தான். ஆனால், டேபிள் வாடகையை எடுத்துத் தருவது பல நேரம் இந்த நோட்டுகள்தான்.

பழசு என்றால் விலை அதிகம் என்ற நம்பிக்கையையும் பொறுமையாக உடைக்க வேண்டியிருக்கிறது. ஒரு பக்கம் நிற்கும் உருவமும் மறுபக்கம் அமர்ந்த உருவமுமாக இருக்கும் ராஜராஜ சோழனின் செப்புக் காசு ஆயிரம் வருடப் பழசு. ஆனாலும் நிறையக் கிடைப்பதால், சாதாரண நிலையில் இருப்பதைச் சில நூறு ரூபாய்க்கே வாங்கிவிடலாம். ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட 1939-ம் வருட வெள்ளி ரூபாய்க்கு இன்னும் நூறு வயதுகூட ஆகவில்லை. விலையோ அதைவிடப் பல மடங்கு. எத்தனை மிஞ்சியிருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதில்தான் விலை நிற்கிறது.

கை சுடும் இடம்

புதியவர் பணத்தைக் கோட்டை விடுவது விற்கும்போது அல்ல, வாங்கும்போது. கதவு திறக்கும் முன்பே வியாபாரிகளுக்குள் கைமாற்றல் நடக்கும். ‘தம்பி, உங்களுக்காகத்தான் இந்த ரேட்டு’ என்று ஒருவர் நீட்டுவதை, மரியாதைக்காக எடை போடாமல் வாங்கிவிடுவார்கள். பிரிட்டிஷ் கால வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம். புழங்கித் தேய்ந்தால் சிறிது குறையலாம். அதிகம் விலகினால் சந்தேகப்பட வேண்டும். நூறில் ஒரு பங்கு கிராம் காட்டும் சின்னத் தராசும், ஒரு லென்ஸும் இல்லாமல் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது. எடை மட்டும் சரியாக இருந்தாலும் போதாது. அதே எடையுள்ள 1938 ரூபாயின் கடைசி இலக்கத்தைச் சீண்டி 9 ஆக்கியவையும் சுற்றுகின்றன.

அனுமன் உருவமும் 1818 என்ற வருடமும் போட்ட ‘கிழக்கிந்திய கம்பெனி காசு’ இன்னொரு வம்பு. கம்பெனி அப்படியொரு நாணயத்தை அடிக்கவே இல்லை. பின்னால் யாரோ செய்து விற்ற வில்லைகள் அவை. அப்புறம், புளி போட்டுப் பளபளவென்று தேய்த்த காசு. குத்துவிளக்குக்குச் சரி. காசில் காலம் பூசிய நிறத்தைத் தேய்த்து எடுத்துவிட்டால் விலையும் சேர்ந்து போய்விடும்.

சட்டத்தைப் பற்றி முதல் கடை போடுகிறவர்கள் பலர் யோசிப்பதே இல்லை. நூறு வருடம் தாண்டிய நாணயம், 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். அதை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும். தனியார் யாரும் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. கரூர் அமராவதி ஆற்று மணலில் பழங்காசுகள் கிடைத்த கதை பிரபலம் என்பதால், ‘மண்ணுல கிடைச்சதுண்ணே’ என்று காகிதப் பொட்டலத்தோடு வருகிறவர்களும் உண்டு. புதைந்து கிடந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம். விவரம் தெரிந்த வியாபாரிகள் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கக்கூட விடமாட்டார்கள்.

அவிழும் சுருக்குப் பை

இரண்டாம் நாள் மதியம் கூட்டம் மெலிந்திருக்கும் நேரத்தில், மகனையோ பேத்தியையோ துணைக்கு அழைத்துக்கொண்டு வயதான அம்மாக்கள் வருவார்கள். இடுப்பிலிருந்து சுருக்குப் பை வெளியே வரும். மாமியார் கொடுத்த ஏழெட்டு வெள்ளி ரூபாய், ஓட்டைக் காலணா, ஒரு வைஷ்ணவி தேவி ஐந்து ரூபாய். ‘இது பத்து லட்சம் போகுமாமே தம்பி, செல்போன்ல சொன்னாங்க’ என்பார்கள். பழைய காசு, நோட்டுகளை வாங்கவோ விற்கவோ தாங்கள் கமிஷன் கேட்பதில்லை, தங்கள் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்தது. அந்த வீடியோக்கள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

‘அவ்வளவெல்லாம் போகாதும்மா’ என்று சொல்வது கஷ்டம். பேத்தியின் கல்லூரி ஃபீஸைக் கணக்குப் பண்ணி வந்திருப்பார்கள். அதைவிடக் கஷ்டம், அந்த ஏழெட்டில் ஒன்று உண்மையிலேயே அரிதாக இருந்துவிட்டால். அந்த அம்மாவுக்குத் தெரியாது. மேஜைக்குப் பின்னால் இருப்பவருக்குத் தெரியும். மொத்தத்தையும் வெள்ளி எடைக்கு வாங்கிக்கொண்டால் வாடகை, லாட்ஜ், வீட்டில் சொல்லாமல் எடுத்தது எல்லாம் அந்த ஒரு காசிலேயே வந்துவிடும். அப்படி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ‘இது ஒண்ணு மட்டும் தனிம்மா. இன்னும் நாலு கடையில காட்டி விலை கேட்டுட்டு வாங்க’ என்று ஹோல்டரில் போட்டுத் திருப்பிக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். மண்டபம் சின்னது. யார் என்ன செய்தார் என்பது டீ வருவதற்குள் எல்லா மேஜைக்கும் தெரிந்துவிடும். திருப்பிக் கொடுத்தவரின் கடைக்கு, அந்த அம்மா நாலு கடை சுற்றிவிட்டுப் பல நேரம் திரும்பியே வருவார்.

கடைசி நாள் மாலை. பையன்கள் துழாவிய டிரே பாதி காலி. க்யூ.ஆர் கோடு அட்டையின் ஓரம் மடங்கியிருக்கிறது. கூட்டிப் பார்த்தால் செலவுக்கு வந்திருக்கிறது, லாபம் என்று சொல்ல ஒன்றுமில்லை. தாத்தாவின் வெள்ளி ரூபாயைக் கடைசிவரை யாரும் வாங்கவில்லை. அதை மட்டும் மற்ற காசுகளோடு சேர்க்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அடுத்த ஊர்க் கண்காட்சிக்கு டேபிள் இருக்குமா என்று விசாரிக்கப் போகிறார் புதுக் கடைக்காரர்.