பெருநீரில் ஒரு மீனைத் தேடி

பரந்த ஏரிக்கு முதன்முறையாகத் தூண்டிலோடு வருபவர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எந்த இரையைப் போடுவது?" அந்த ஏரியில் பல ஆண்டுகள் பழகியவர்களோ, "எங்கே போடுவது?" என்பதிலிருந்தே தொடங்குவார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே நிறமாய் விரிந்து கிடக்கும் நீரில், ஒரு குறிப்பிட்ட மீன் வாழும் இடம் மிகச் சிறியது. எஞ்சிய பெரும்பரப்பில் எத்தனை விலையுயர்ந்த கோலை வீசினாலும் பயனில்லை. ஆகவே இக்கலையைக் கற்பதில் பெரும்பகுதி, மீன் இல்லாத நீரை அடையாளம் கண்டு ஒதுக்கக் கற்பதேயாகும். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்திலுள்ள ஒகிசோபி ஏரியையும், அங்கு வாழும் பாஸ் மீனையும் கொண்டு இதனை நாம் காண்போம்.

பாஸ் மீன்களில் பலவகை உண்டு. இங்கு நாம் பேசுவது, 'லார்ஜ்மவுத்' என அமெரிக்கர் அழைக்கும் அகன்ற வாயுடைய நன்னீர் மீனைப் பற்றி. இதன் மேல்தாடை கண்ணுக்கும் பின்னால் வரை நீண்டிருக்கும். உடல் பசுமை கலந்த நிறம். பக்கவாட்டில் கருமையான பட்டையொன்று ஓடும். இரையைத் தொலைதூரம் துரத்திக் களைப்பது இதன் வழக்கமன்று. புல்லின் நிழலிலோ மரக்கட்டையின் ஓரத்திலோ அசையாது காத்திருந்து, அருகில் வரும் சிறுமீனை நோக்கிச் சட்டென வாயைத் திறக்கும். அந்த நொடியில் உண்டாகும் உறிஞ்சுவிசையில் நீரோடு இரையும் உள்ளே போய்விடும். மறைவிடமும் இரையும் ஒன்றாய் அமையும் இடமே இதன் வீடு என்பதை இந்த ஒரு பழக்கத்திலிருந்தே நாம் ஊகித்துவிடலாம்.

இம்மீனின் மீது அமெரிக்கர் கொண்ட ஆர்வம் பழையது. 1932ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள், ஜார்ஜ் பெர்ரி என்ற இளைஞர் ஜார்ஜியா மாநிலத்தின் மான்ட்கோமரி ஏரியில் 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது 10 கிலோவுக்குச் சற்று மேலான எடையுள்ள பாஸ் மீனைப் பிடித்தார். பொருளாதார நெருக்கடி நிலவிய காலம். அம்மீன் அவர் வீட்டு உணவாயிற்று. எடைக்குறிப்பு மட்டும் உலகச் சாதனையாக நிலைத்தது. 77 ஆண்டுகளுக்குப் பின், 2009 ஜூலை 2இல், ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா என்பவர் அதனினும் ஓர் அவுன்ஸுக்குச் சற்றுக் குறைவான அளவு கூடுதலாக எடையுள்ள மீனைப் பிடித்தார். பழைய சாதனையை முறியடிக்க 2 அவுன்ஸ் வேறுபாடு வேண்டும் என்பது விதி. ஆதலால் இருவரும் இன்றுவரை சமநிலையிலேயே உள்ளனர்.

இவ்விரு சாதனைகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் பாஸ் பிடிப்பது ஒரு முறையான பயிற்சியாக வளர்ந்தது. 1949இல் நிக் கிரீம் என்பவர் மென்மையான பிளாஸ்டிக்கில் மண்புழுவைப் போன்ற செயற்கை இரையை உருவாக்கினார். 1950களின் இறுதியில், ஒலியலை கொண்டு நீரின் ஆழத்தைக் காட்டும் சிறு கருவிகள் படகுகளுக்கு வந்தன. வட கரோலினாவைச் சேர்ந்த பக் பெர்ரி, நீரின் மேற்பரப்பைப் பார்ப்பதை விட்டு அடித்தரையின் மேடு பள்ளங்களைப் படிக்க வேண்டும் என்று கற்பித்தார். ஆழ்நீரே மீனின் இருப்பிடம். அங்கிருந்து குறிப்பிட்ட பாதைகள் வழியாகவே அது கரைப்பக்கம் வருகிறது என்பது அவர் கொள்கை. மலைப்பகுதி நீர்த்தேக்கங்களுக்கு இக்கொள்கை மிகவும் பொருந்தியது.

ஒகிசோபிக்கு வந்தால் இப்பாடத்தைப் பெரும்பாலும் மடித்து வைத்துவிட வேண்டியதுதான். அந்தப் பெயருக்கே, அம்மண்ணின் பழங்குடி மொழியில் 'பெருநீர்' என்று பொருள். பரப்பளவு ஏறத்தாழ 1,890 சதுர கிலோமீட்டர். ஆனால் சராசரி ஆழம் 2.7 மீட்டர் மட்டுமே. பல இடங்களில் உயரமான ஒருவர் நின்றால் தலை வெளியே தெரியும். தட்டைப் போன்ற இந்த ஏரியில் படிப்பதற்குப் பெரிய மேடு பள்ளங்கள் இல்லை. அவற்றின் இடத்தில் புல் இருக்கிறது.

ஏரியின் மேற்குக் கரையை ஒட்டிச் சுமார் 400 சதுர கிலோமீட்டருக்குச் சதுப்பும் நீர்த்தாவரமும் பரவியுள்ளன. மொத்தப் பரப்பில் இது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. பாஸ் மீனைத் தேடுபவர் பெரும்பாலும் இந்தப் பங்கையும் அதன் ஓரங்களையுமே நாடுவார். நடுவிலுள்ள திறந்த, சேறு படிந்த நீரை முதல் நாளே கணக்கிலிருந்து நீக்கிவிடலாம்.

மீதமுள்ள ஐந்தில் ஒரு பங்கும் சிறியதன்று. அதனுள் அடுத்த வடிகட்டல், எந்தத் தாவரம் எந்தத் தரையில் வளர்கிறது என்பதை அறிவது. உயர்ந்த கோரையும், அங்கே 'கிஸ்ஸிமி புல்' எனப்படும் புல்வகையும் கெட்டியான மணல் தரையை விரும்புவன. அகன்ற இலை கொண்ட அல்லிவகைகள் பெரும்பாலும் உளைச்சேற்றில் வேரூன்றுவன. பாஸ் மீன் முட்டையிடக் கெட்டித் தரையைத் தேடும். ஆகவே நீருக்கு மேலே தெரியும் தாவரத்தைக் கொண்டே, நீருக்கடியிலுள்ள தரையைக் கருவியின்றி அறியலாம். ஒரே வகைப் புல் நெடுந்தூரம் பரவிய இடத்தைவிட, இரண்டு வகைகள் சந்திக்கும் விளிம்பும், புல்வெளியின் நடுவே விழுந்த சிறு இடைவெளியும், நீர்ப்பக்கமாக நீண்ட மூக்கு போன்ற முனையும் சிறந்தவை. காத்திருந்து பாயும் மீனுக்கு விளிம்புதான் வேட்டைக்களம்.

மூன்றாவது வடிகட்டல் நீரின் நிறம். ஆழமற்ற பெரிய ஏரியில் காற்று வலுத்தால், நடுவிலுள்ள சேறு கலங்கி, காற்று வீசும் திசைக்கெதிரான கரை முழுவதும் பழுப்பாகிவிடும். கண்ணால் இரைதேடும் பாஸ் அத்தகைய நீரைத் தவிர்க்கும். ஆனால் அடர்ந்த புல், வடிதுணி போல் சேற்றைத் தடுத்து நிறுத்திவிடுவதால், அதன் உட்புறத்தில் நீர் தெளிந்தே இருக்கும். எனவே முந்தைய இரண்டு நாட்களில் காற்று எத்திசையில், எவ்வளவு வலுவாக வீசியது என்பதை விசாரித்து அறிந்த பின்னரே, அனுபவமுள்ளவர் படகை எந்தப் பக்கம் செலுத்துவது என்று முடிவு செய்வார்.

நான்காவது, பருவம். ஃபுளோரிடாவின் தென்பகுதியில் குளிர்காலம் மிதமானது. டிசம்பர் தொடங்கி வசந்தகாலம் வரை, நீரின் வெப்பம் 16 முதல் 24 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும் வேளைகளில் பாஸ் முட்டையிடும். ஆண்மீன் வாலால் தரையைத் துடைத்து வட்டமான குழி அமைக்கும். பெண்மீன் முட்டையிட்டுச் சென்றபின், முட்டைகளையும் பொரித்த குஞ்சுகளையும் காப்பது ஆண்மீனே. இக்காலத்தில் உட்புறப் புல்வெளிகளில் மீன் மிகுதி. முட்டையிட்ட பின் அவை வெளிவிளிம்புக்கு நகரும். கோடையில் விடியற்காலையில் மட்டும் சிறிது நேரம் சுறுசுறுப்பாக இரைதேடி, வெயிலேறியதும் நிழலில் அடங்கிவிடும். வடக்கிலிருந்து திடீரெனக் குளிர்காற்று வந்தாலோ, மிதக்கும் தாவரப் படலங்களின் அடியில் ஒடுங்கிக்கொள்ளும்.

இவ்வளவும் தெரிந்த பின்பே "எந்த இரை?" என்ற கேள்விக்கு இடம் வருகிறது. புதியவர்க்கு இங்குள்ள வழிகாட்டிகள் பெரும்பாலும் பரிந்துரைப்பது, பொன்னிறப் பளபளப்புடைய 'ஷைனர்' என்னும் உயிர்மீனை. அதனைத் தூண்டில் முள்ளில் கோத்து, மேலே தக்கை கட்டி, புல் விளிம்பை ஒட்டி நீந்தவிடுவர். பெரிய பாஸ் அருகில் வந்ததும் சிறுமீன் பதறும், தக்கை நடுங்கும், பிறகு மறையும். மீன் படலத்தின் அடியில் ஒடுங்கியிருக்கும் நாட்களிலோ, 30 முதல் 40 கிராம் எடையுள்ள டங்ஸ்டன் குண்டோடு சிறிய பிளாஸ்டிக் இரையைப் படலத்தைத் துளைத்து நேராக இறக்குவார்கள். அது தரையைத் தொட்டதும் ஓரிருமுறை மெல்ல அசைப்பார்கள். பதில் இல்லையெனில் ஓரடி தள்ளி மறுபடியும் இறக்குவார்கள். ஒரு நாளில் இவ்வாறு நூற்றுக்கணக்கான முறை செய்பவரும் உண்டு.

கணக்கேடுகளோடு நாளைக் கழிக்கும் நமக்கு இக்கலையில் மிகவும் நெருக்கமாகத் தோன்றும் பகுதி, குறிப்பேடு. தேர்ந்த தூண்டில்காரர் பலர் ஒவ்வொரு நாளும் தேதி, நீர்மட்டம், நீரின் வெப்பம், காற்றின் திசை, புல்லின் வகை, மீன் கிடைத்த இடம் ஆகியவற்றை எழுதி வைக்கின்றனர். மீன் கிடைக்காத இடங்களும் அதில் இடம்பெறும். 'வடக்குக் காற்று, கலங்கல் நீர், கோரை ஓரம், ஒன்றுமில்லை' என்ற பதிவு, அடுத்த ஆண்டு அதே காற்று வீசும் நாளில் அரை நாள் உழைப்பை மிச்சப்படுத்தும். சில பருவங்கள் இவ்வாறு எழுதிய பின், பக்கங்களைப் புரட்டுபவருக்கு ஏரி ஓரளவு பிடிபடத் தொடங்கும்.

அக்குறிப்பேட்டின் எல்லாப் பத்திகளிலும் முக்கியமானது நீர்மட்டம். அதற்கு மீன் பிடிப்பதைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. 1928 செப்டம்பரில் வீசிய சூறாவளி, இந்த ஆழமற்ற நீரைத் தெற்குக் கரை நோக்கித் தள்ளியது. அன்றிருந்த தாழ்வான மண்கரை உடைந்து, குறைந்தது 2,500 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் வயல்களில் உழைத்த கறுப்பினத் தொழிலாளர்கள். அதன்பின் ஏரியைச் சுற்றி எழுப்பப்பட்ட ஹெர்பர்ட் ஹூவர் கரையின் இன்றைய நீளம் சுமார் 230 கிலோமீட்டர். இக்கரைக்குள் நீர் எவ்வளவு நிற்கலாம் என்பது இன்றும் ஓயாத விவாதம். தெற்கேயுள்ள கரும்பு வயல்களுக்குப் பாசனநீர் வேண்டும். கரையோர ஊர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும். மிகைநீரைக் கிழக்கிலும் மேற்கிலும் திறந்துவிட்டால் கடற்கழிமுகங்கள் பாதிக்கப்படும். புல்லுக்கோ வெயில் வேண்டும். நீர் நீண்டநாள் உயர்ந்து நின்றால், நீருக்கடியிலுள்ள தாவரங்கள் ஒளியின்றி மடிந்துவிடும்.

இதற்குச் சான்று அண்மைக் காலத்திலேயே உண்டு. 2004இல் பிரான்சிஸ், ஜீன் என்ற இரு சூறாவளிகளும், 2005இல் வில்மாவும் ஏரியைக் கலக்கின. புல்வெளிகள் பெயர்ந்தன, கலங்கிய நீரில் புதியவை முளைக்கவில்லை, பாஸ் மீன்களும் குறைந்தன. பின்னர் வந்த வறட்சியில், 2007 ஜூலையில் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 8.82 அடி என்ற, பதிவுகளிலேயே மிகத் தாழ்ந்த நிலையைத் தொட்டது. ஏரி அழிந்தது என்றே பலர் எண்ணினர். ஆனால் வெளியே தெரிந்த தரை வெயிலில் காய்ந்தது. கரையோரங்களில் திரண்டிருந்த உளைச்சேற்றை அரசுத் துறைகள் வாரி அகற்றின. மறைந்திருந்த மணல் தரை வெளிப்பட்டது. நீர் திரும்பியபோது புல் முளைத்தது. புல்லைத் தொடர்ந்து சில ஆண்டுகளில் மீனும் பெருகியது.

பிடித்த மீனை என்ன செய்வது என்பதிலும் மனப்பான்மை மாறியுள்ளது. போட்டிகளில் பிடித்த மீனை உயிரோடு திருப்பி விடும் வழக்கம் 1970களில் வேரூன்றியது. இன்று ஃபுளோரிடாவில் ஒருவர் ஒரு நாளில் ஐந்து பாஸ் மீன்களை வைத்துக்கொள்ளலாம். அவற்றுள் ஒன்று மட்டுமே 16 அங்குலமோ அதற்கு மேலோ இருக்கலாம். முட்டையிடும் வயதுள்ள பெரிய மீன்கள் ஏரியிலேயே இருக்க வேண்டும் என்பதே நோக்கம். 8 பவுண்டுக்கு மேற்பட்ட மீனை எடைபோட்டு, படமெடுத்து, உயிரோடு விடுபவர்களுக்கு அம்மாநில வனவிலங்குத் துறை 2012 முதல் பரிசும் பாராட்டும் வழங்கி வருகிறது. ஜார்ஜ் பெர்ரியின் காலத்தில் அடுப்புக்குப் போன மீன், இன்று படமாக வீட்டிற்கும் உயிராக நீருக்கும் போகிறது.

அமெரிக்கப் பயணம் மேற்கொள்ளும் வாசகர்கள் ஒகிசோபியைக் காண விரும்பினால், தெற்கே கிளூவிஸ்டன், வடக்கே ஒகிசோபி ஆகிய ஊர்களில் படகும் வழிகாட்டியும் கிடைக்கும். 16 வயதுக்கு மேற்பட்ட வெளியூரார் நன்னீர் மீன்பிடி உரிமம் பெற வேண்டும். முதலைகள் உலவும் நீராதலால் கரையோரத்தில் கவனமும் வேண்டும். படகில் ஏறியதும் வழிகாட்டி உடனே கோலை எடுத்துத் தருவார் என எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பாலும் அவர் முதலில் அன்றைய நீர்மட்டத்தைச் சொல்வார். பிறகு முந்தைய நாள் காற்றைப் பற்றிப் பேசுவார். அதன்பின் சில கோரைத் திட்டுகளை நிறுத்தாமல் கடந்து செல்வார். அவர் நிற்காமல் கடக்கும் இடங்களையும் கவனித்துக் குறித்துக்கொள்வது நன்று.