இரண்டும் 'கல்'தான்

ஹட்டன் கடையில் நான் சிங்களத்தில் கேட்டால் முதலாளி தமிழில் பதில் சொல்வார். சிங்களத்தில் கற்களுக்கும் காலத்துக்கும் உள்ள சொற்கள் முதல் ஒலியில் மட்டும் வேறுபடும். நாம் எழுதினால் இரண்டும் 'கல்'தான்.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் 1983 ஜூலையில், வாளியைக் குறிக்கும் 'பால்திய' என்ற சொல்லைச் சொல்லவைத்து, முதல் ஒலி பிசகியவர்களைத் தமிழர் என்று கும்பல்கள் அடையாளம் கண்டன.

பிசகு காதில் தொடங்குகிறது. 1984இல் வேர்க்கரும் டீஸும் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் 6 முதல் 8 மாதத்தில் ஹிந்தியின் த, ட ஒலிகளைப் பிரித்தறிந்தன. ஒரு வயதை நெருங்கியவற்றில் அநேகமானவை தவறவிட்டன. தாய்மொழிக்குத் தேவைப்படாத வேறுபாட்டைக் காது அதற்குள் கைவிட்டுவிடுகிறது. பெரியவர்கள் தங்களுக்குக் கேட்டதைத்தான் சொல்கிறார்கள்.

ஆனாலும் மத்ரஸாவில் ஹஸ்ரத் மக்ரஜ் காட்டித் திருத்தியதால்தானே 'ஐன்' நமக்கு ஓரளவாவது வந்தது? ஆசிரியர் கலாசாலையில் எனக்குச் சிங்களச் சொற்பட்டியல் தந்தார்கள். தொண்டை எந்த ஒலிக்கு அதிர வேண்டும் என்று ஒருவரும் காட்டவில்லை.