விருதுநகர் மாவட்டத்தில் நரம்புச்சிதைவு நோயாளிகளுக்கான தொலைமருத்துவம்

நரம்புச்சிதைவு நோய்கள் என்பவை மூளை, தண்டுவடம் ஆகியவற்றின் நரம்பணுக்கள் படிப்படியாக அழிவதால் ஏற்படும் நோய்களாகும். ஆல்சைமர் நோய், பார்க்கின்சன் நோய் (நடுக்குவாதம்) ஆகியன இவற்றுள் பரவலாக அறியப்பட்டவை. இவற்றை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஆகவே பல்லாண்டுகள் நீளும் கண்காணிப்பே மருத்துவத்தின் பெரும்பகுதியாகும். அதனைத் தொலைபேசி, காணொளி வழியாக அளிப்பது தொலைமருத்துவம் எனப்படும். இந்தியாவில் 60 வயதை எட்டியோருள் 7.4 விழுக்காட்டினர், அதாவது சுமார் 88 இலட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்வதாக 2023 இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. நகரங்களைவிடச் சிற்றூர்களில் இவ்விகிதம் கூடுதலாகும்.

மாவட்டச் சூழல்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் பட்டாசு, தீப்பெட்டித் தொழில்கள் முதன்மையானவை. இவற்றில் பெண்கள் பெருமளவில் வேலை செய்கின்றனர். வீட்டு முதியோரைப் பராமரிப்பவர்களும் பெரும்பாலும் பெண்களே. பல பணிகளுக்குச் செய்துமுடித்த எண்ணிக்கையின்படியே கூலி. நரம்பியல் வல்லுநரைக் காணச் சுமார் 70 கி.மீ. தொலைவிலுள்ள மதுரைக்குச் செல்வது சிவகாசியில் நெடுங்கால வழக்கம். நடை தடுமாறும் ஒருவரைப் பேருந்தில் அழைத்துச் சென்று திரும்புவதற்குள் ஒரு பகல் கழியும், அன்றைய கூலியும் போகும். விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரி 12 அன்று திறந்துவைக்கப்பட்டது.

சட்ட ஏற்பு

இந்திய அரசின் தொலைமருத்துவ நெறிமுறைகள் 2020 மார்ச் 25 அன்று வெளியாயின. பராமரிப்பாளரும் மருத்துவரை அணுகலாம் என அவை வெளிப்படையாகக் கூறுகின்றன. பொதுவாக இதற்கு நோயாளியின் ஒப்புதல் வேண்டும். ஆயினும் மறதிநோய் போன்றவற்றால் இயலாநிலையில் உள்ளவருக்காகப் பேசும் பராமரிப்பாளர் அவ்வுரிமை பெற்றவராகவே கொள்ளப்படுவார். இந்நோய்களைப் பொறுத்தவரை நெறிமுறைகளின் மிகப் பயனுள்ள பகுதி இதுவே எனலாம். அதே ஆண்டு ஏப்ரலில் இ-சஞ்சீவனி என்னும் அரசுச் சேவை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

இயல்வதும் இயலாததும்

கை நடுக்கம், நடை, முகபாவம், பேச்சு ஆகியவற்றைக் காணொளியில் மதிப்பிடலாம். தசை விறைப்பை அறிய மருத்துவர் நோயாளியின் கையை மடக்கிப் பார்க்க வேண்டும். நிலைதடுமாற்றத்தை அறியத் தோளைப் பின்னுக்கு இழுத்துப் பார்க்க வேண்டும். இவ்விரண்டும் திரை வழியே நடவா. எனவே முதல் நோயறிதல் நேரிலும் பின்தொடர்தல் காணொளியிலும் அமைவது நலம்.

பின்தொடர்தலில் வீட்டுக் காட்சிக்குத் தனி மதிப்புண்டு. லெவோடோபா மருந்தின் விளைவு நாளின் வெவ்வேறு வேளைகளில் ஏறியிறங்கும். மருத்துவமனையில் பத்து நிமிடம் நன்றாக நடந்தவர், மாத்திரை உண்பதற்கு முந்தைய அரைமணியில் நாற்காலியைவிட்டு எழ இயலாதிருக்கலாம். பராமரிப்பாளர் கைபேசியில் பதிந்தனுப்பும் சிறு படங்கள் இதனைக் காட்டிவிடும். புரதம் மிகுந்த உணவு அம்மருந்து உட்கவரப்படுவதைக் குறைக்கும் என்பதால், உணவு வேளையை மாற்றச் சொல்வதற்குத் தொலைபேசியே போதுமானது.

நேரம்

பட்டாசு ஆலைப் பணியிடங்களில் வெடிவிபத்து அச்சத்தால் கைபேசிக்குத் தடையுண்டு. பகலில் மருத்துவர் அழைத்தால் மகளோ மருமகளோ எடுக்க இயலாது, வீட்டிலிருப்பவரோ மறதிநோயாளி. மாலை நேரத்தை ஒதுக்கலாம். ஆனால் மறதிநோயாளர் சிலருக்கு அமைதியின்மை மிகுவது அவ்வேளையில்தான். இதனால் நோயாளியருகே ஒரு பணியாளர் அமர்ந்து மருத்துவருடன் இணைக்கும் முறை இவ்வட்டாரத்திற்குப் பொருந்துகிறது. 2021 ஆகத்து 5 அன்று தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டப் பணியாளர்கள் இயன்முறை மருத்துவத்தையும் வலிதணிப்புப் பராமரிப்பையும் ஏற்கனவே வீடுகளுக்குக் கொண்டுசெல்கின்றனர்.

பராமரிப்பாளர்

நோயாளியின் சந்தேகம், இரவு அலைச்சல், சிறுநீர் அடக்கவியலாமை ஆகியவற்றை அவர் எதிரிலேயே விவரிக்கப் பராமரிப்பாளர்கள் கூசுவர். தனியே பேச ஒரு தொலைபேசி அழைப்பு இதற்கு இடமளிக்கிறது. மறதிநோயாளரைப் பராமரிப்போருக்கென உலக சுகாதார அமைப்பு 2019 இல் ஐசப்போர்ட் என்னும் பயிற்சிக் கையேட்டை வெளியிட்டது; அதில் பராமரிப்பாளர் தம் உடல், மன நலத்தைப் பேணுவதற்கும் பாடங்கள் உள்ளன.